மெத்தைக்கடை பூத்தின் ஒற்றை ஓட்டு

மெத்தையக்கா என்ற பெயர் சின்னவளின் காதில் முதன்முதலாக விழுந்தது, அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த ஒரு பகல் வேளையில். பேசியது அவளுடைய பெரியம்மா மகனின் மாமியார். அந்த அம்மாளோடு சொந்தம் சுற்றி வளைத்துத்தான் வரும். பேச்சு மட்டும் நேராக வரும்.

"பையன் டவுன் பஸ் ஓட்டறான். குடி கிடையாது. அப்பா அம்மா கிடையாது. மெத்தையக்காதான் வளர்த்தா."

"யாரு மெத்தையக்கா?"

"கூடப் பிறந்தவ. அவனைவிட ரொம்ப மூத்தவ. புருஷன் மெத்தைக்கடை வச்சிருந்தான், போய்ச் சேர்ந்துட்டான். கடையை விடாம இவளே நடத்தறா. தம்பியும் அங்கதான்."

பெயரைக் கேட்டதுமே சின்னவளின் மனதில் ஓர் உருவம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பொதபொதவென்று, உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டிய ஒரு பொம்பிளை. கல்யாணம் முடிந்து கடை வாசலில் போய் இறங்கியபோது எதிரே வந்து நின்றவளோ கோணி ஊசி மாதிரி இருந்தாள். ஒல்லி, நல்ல உயரம், முன்பக்கம் லேசாக வளைந்த முதுகு. தலையிலும் புருவத்திலும் பஞ்சு.

"என்ன பார்க்கிறே? மெத்தைன்னதும் மெத்தை மாதிரி இருப்பான்னு நினைச்சியா?" என்றாள் மெத்தையக்கா. "இருந்ததை எல்லாம் அடைச்சு அடைச்சு வித்துட்டேன். எனக்குன்னு மிச்சம் இல்லை."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த முதல் நாளே சிரித்த வீடு என்பதால் அவளுக்கு அந்த வீடு பிடித்துப்போனது. மேலே மூன்று அறை, கீழே கடை. பிறந்த வீட்டிலிருந்து ஒரு தையல் மெஷினோடு வந்திருந்தாள். அதை இறக்கிக் கடையின் ஜன்னலோரம் போட்டார்கள். அன்றிலிருந்து உறை தைப்பது சின்னவள், பஞ்சு அடைத்துப் பெரிய ஊசியால் ஓரம் குத்துவது மெத்தையக்கா. அண்ணி, அண்ணி என்று சின்னவள் கூப்பிடுவாள். சந்தில் இருக்கிற மற்றவர்களுக்கெல்லாம், வயது எதுவானாலும், அவள் மெத்தையக்காதான். அவளைவிட மூத்தவரான போஸ்ட்மேன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், "எனக்கு அக்கா இல்லை, யாராவது ஒருத்தர் வேணும்ல" என்பார்.

கடையைப் பற்றிச் சொல்லும்போது பூத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடமோ மண்டபமோ கிடையாது. நாலு பேர் நின்று பேசுகிற அளவுக்குப் பெரிய கூடம் மெத்தைக்கடை ஒன்றுதான். அதனால் மெத்தையக்காவின் மாமனார் காலத்திலிருந்தே தேர்தல் என்றால் அதுதான் வாக்குச்சாவடி. ஓட்டு நாளுக்கு முதல் நாள் தைத்து முடித்த மெத்தைகளைச் சுவரோடு சுவராகக் கூரை வரைக்கும் அடுக்கிவிடுவார்கள். வெட்டு மேஜையைத் துடைத்து அதிகாரிகளுக்குக் கொடுப்பார்கள். மறைப்புத் தட்டி வைப்பது இரண்டு அடுக்குக்கு நடுவில் இருக்கிற மூலையில். அங்கே போய் நின்றால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது, உள்ளே முத்திரை குத்துகிற சத்தமும் வெளியே வராது. அத்தனை பஞ்சு சுற்றி நிற்கிறதே!

காத்திருப்பவர்களுக்கு நாற்காலி கிடையாது. தரையில் நாலைந்து மெத்தை விரித்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார வேண்டியதுதான். வயசானவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். முறை வந்ததும் மெத்தையக்கா போய்த் தோளைத் தட்டி, "எழுந்திருங்க, நாட்டை யார் கையில கொடுக்கறதுன்னு சொல்லிட்டு வந்து மறுபடி படுத்துக்கங்க" என்பாள். மெத்தையில் உட்கார்ந்து கட்சி பேசக் கூடாது என்பது மட்டும் அவள் வைத்த சட்டம். யாராவது ஆரம்பித்தால், "பேசறதா இருந்தா தரையில உக்காருங்க" என்பாள். பேச்சு நின்றுவிடும். அந்த பூத்துக்கு டியூட்டி கேட்டு அதிகாரிகள் சிபாரிசு பிடித்ததாக ஒரு பேச்சு உண்டு. ஓட்டு முடிந்த வாரத்தில் கடைக்கு வந்து தலையணை கேட்கிறவர்களும் உண்டு. உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே!

ஆக, அந்த ஒரு நாள் மெத்தையக்காவுக்கு உயிர். புடவையைக்கூட முதல் வாரமே எடுத்து வெளியில் வைத்துவிடுவாள்.

இப்படி இருந்த காலத்தில்தான் ஜனத்தொகை கூடிவிட்டது என்று வார்டுகளின் எல்லையை மாற்றி வரைந்தார்கள். மெயின் ரோட்டின் நடுவில் கோடு போனது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தனை வீடும் வேறு வார்டுக்குப் போய்விட்டது. இந்தப் பக்கம் சந்து மட்டும் நின்றது. சந்துக்குப் பின்னால் கூட்ஸ் ரயில் நிற்கிற யார்டின் மதில். வார்டின் மீதி ஜனம் எல்லாம் மேம்பாலத்துக்கு அப்பால். துணியை வெட்டினால் ஓரத்தில் எதற்கும் ஆகாமல் ஒரு துண்டு மிஞ்சுமே, அப்படி மிஞ்சியது இந்தச் சந்து. எழுநூறு பேர் வந்து போன பூத்துக்கு இப்போது பதினோரு ஓட்டு. தேர்தல் நெருங்கிவிட்டதால் இந்தத் தடவை அப்படியே இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் விட்டுவிட்டார்கள்.

அந்தத் தேர்தலில் கவுன்சிலருக்கு நின்றது யார் தெரியுமா? மெத்தையக்காவின் தம்பியேதான். பஸ் டிப்போவில் கூட இருப்பவர்கள் உசுப்பிவிட்டார்கள், அவனும் சரி என்றுவிட்டான். எதிரே நின்றவர் மேம்பாலத்துக்கு அப்பால் பேக்கரி வைத்திருப்பவர். தன்மையான மனுஷர்தான்.

ஓட்டுக்கு முதல் நாள் வீட்டில் ஒரு ரகளை. ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தலையணை உறை தைப்பதற்காகச் சின்னவள் வெள்ளைத் துணி வாங்கி வைத்திருந்தாள். தம்பி அதில் நல்ல நீளமாக ஒரு துண்டு கிழித்து, சிவப்பு மையில் பஸ் சின்னம் வரைந்து சந்து முனையில் கட்டிவிட்டான். சின்னவள் வெளியே வந்து பார்த்தாள். அவ்வளவுதான், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்காரங்க தலையணையில பஸ் படம் கேட்டாங்களா? உங்களுக்குப் போடறதுக்கு அந்த பேக்கரிக்காரருக்கே போடலாம். அவர் மாவை எடுத்தாலும் அவர் மாவைத்தான் எடுப்பாரு!"

பதினோரு பேரில் எட்டுப் பேராவது அதைக் கேட்டார்கள். மீதிப் பேருக்கு அந்த எட்டுப் பேர் சொன்னார்கள்.

ஓட்டு நாள் வந்தது. காலையிலேயே சந்து முழுக்க வந்து குத்திவிட்டுப் போய்விட்டது. பிளம்பர் மட்டும் வேலைக்குப் போயிருந்தான். சட்டப்படி சாயந்தரம் வரை பூத்தை மூடக் கூடாது. அதிகாரிகள் நாலு பேரும் மெத்தையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு மெத்தையைப் பார்த்தார்கள். கடைசி நேரத்தில் பிளம்பர் வந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தர் மட்டும் விழித்திருந்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, "சார், யாரையாவது எழுப்பட்டுமா?" என்று கேட்டானாம்.

தம்பி தோற்றான். கொஞ்ச நஞ்ச வித்தியாசம் இல்லை. பேக்கரிக்காரர் மேம்பாலத்துக்கு அப்பாலிருந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார். அதைத் தம்பி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நகராட்சி அலுவலகத்துப் பலகையில் பூத் வாரியாக முடிவை ஒட்டியிருந்தார்கள். மெத்தைக்கடை பூத்: பஸ்ஸுக்குப் பத்து, பேக்கரிக்கு ஒன்று.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் சட்டைகூடக் கழற்றவில்லை. "யாரு அந்த ஒண்ணு?" என்றான்.

மெத்தையக்கா பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மெஷினை நிறுத்தினாள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?"

"நான் யாரையும் பார்க்கலை."

"பார்த்தீங்க. நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

"முந்தாநாள் என்ன சொன்னே?"

"முந்தாநாள் வாய் சொல்லுச்சு. நேத்து கை போட்டுச்சு. ரெண்டும் ஒண்ணா?"

அவன் நம்பவில்லை. நம்பாதது அவன் முகத்தில் தெரிந்தது. சின்னவளுக்கு அதுதான் தாங்காமல் அழுகை வந்துவிட்டது. வேறு யாராவது சந்தேகப்பட்டிருந்தால் போடா என்று விட்டிருப்பாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாயை, கூடவே குடித்தனம் நடத்துகிறவன் சந்தேகப்பட்டால் என்ன செய்வது? அன்றிலிருந்து அவள் அவனிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "பசிக்கிறவங்க சாப்பிடலாம்" என்பாள். அவனும் சுவரைப் பார்த்து, "உப்பு கம்மி" என்பான். "நாக்குலயும் நம்பிக்கை இல்லை போல" என்று சுவருக்குப் பதில் வரும். நடுவில் உட்கார்ந்து மெத்தையக்கா சாப்பிடுவாள், தலையை நிமிர்த்தாமல்.

சில நாள் கழித்து பேக்கரிக்காரர், அதாவது புதுக் கவுன்சிலர், நன்றி சொல்ல வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி, அது நிறைய பன். சந்தின் எல்லா வீட்டுக்கும் போய்விட்டுக் கடைசியாக மெத்தைக்கடைக்கு வந்தார். வந்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மெத்தை ஒன்றின் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, இந்த பூத்துல எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு, தெரியுமா?"

"தெரியும்" என்றாள் மெத்தையக்கா.

"போஸ்ட்மேன் கண்ணடிச்சு, 'அது நம்மளோடதுதான், வெளிய சொல்லாதீங்க'ன்னாரு. சரின்னு பன்னைக் கொடுத்தேன். அடுத்த வீட்டு டீச்சரம்மா என் கையைப் பிடிச்சு, 'மனசாட்சிப்படி செஞ்சேன்'ங்கறாங்க. அவங்களுக்கும் கொடுத்தேன். பிளம்பர், 'கடைசி நேரத்துல ஓடி வந்தது உங்களுக்காகத்தான் சார்'ங்கறான். ஒரு ஓட்டுக்கு மூணு பேர் சொந்தக்காரங்க அக்கா! இன்னும் ரெண்டு வீடு இருந்திருந்தா பெட்டி பத்தியிருக்காது."

சின்னவள் ஊசியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "சார், எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லிட்டுப் போறீங்களா?"

சொன்னார். அதனால் நல்லது நடந்திருக்க வேண்டும், நியாயமாகப் பார்த்தால். ஆனால் தம்பி, பெண்டாட்டி மேல் இருந்த சந்தேகத்தை எடுக்காமல், மற்ற மூன்று பேர் மேலும் பங்கு போட்டு வைத்துவிட்டான். அதை அவன் காட்டிய விதம்தான் வேடிக்கை. அதுவரை அவன் பஸ் சந்து முனையில் வந்து நின்றால், போஸ்ட்மேன் பல்லை மாட்டிக்கொண்டு வரும் வரைக்கும் நிற்கும். டீச்சரம்மா திரும்பிப் போய்க் குடை எடுத்து வரும் வரைக்கும் நிற்கும். டிப்போவில் அவனுக்குத் தாமதத்துக்கு மெமோ வராத மாசம் இல்லை. இப்போது பஸ் வந்தது, நின்றது, கதவு சாத்தியது, கிளம்பியது. போஸ்ட்மேன் ஒரு கையில் பல்செட்டோடு ரோட்டில் நின்று பார்த்தார். டிப்போவில் மட்டும் எல்லோருக்கும் ஆச்சரியம். நேரம் தவறாமை என்று அவனைக் கூப்பிட்டுப் பாராட்டினார்களாம்.

சந்தில் முகங்கள் மாறின. ஒருத்தர் வீட்டு ஜன்னலை இன்னொருத்தர் நோட்டம் விட ஆரம்பித்தார்கள். சந்தில் பத்துப் பேர் பஸ்ஸுக்குப் போட்டவர்கள். அந்தப் பத்துப் பேரும் மற்ற ஒருத்தரைத் தேடினார்கள்.

ஒரு மத்தியானம் சின்னவள் உறை தைத்துக்கொண்டே இருந்தவள், ஊசி விரலில் ஏறியதைக்கூடக் கவனிக்காமல் வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெத்தையக்கா எழுந்து வந்து அவள் விரலைப் பிடித்துக் கொஞ்சம் பஞ்சை வைத்து அழுத்தினாள். விடவில்லை.

"அந்த ஒண்ணு நான்தான்" என்றாள்.

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விரலை உருவிக்கொண்டாள். "அண்ணி! இத்தனை நாளா நான் பக்கத்துல உக்காந்து வெந்துட்டு இருக்கேன். நீங்க பாட்டுக்குப் பஞ்சு அடைச்சுட்டு இருந்தீங்களா?"

"அடைச்சுட்டுத்தான் இருந்தேன். தொண்டையிலயும் அதேதான் அடைச்சுட்டு இருந்துச்சு."

"ஏன் அப்படிப் பண்ணினீங்க? உங்க கையால சோறு ஊட்டி வளர்த்த தம்பி!"

"அதனாலதான். அவனுக்கு 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை வாயில வராது, கவனிச்சிருக்கியா? போன வருஷம் ஒரே ஏணியை ஒரே நாள்ல மூணு பேருக்குத் தரேன்னு சொல்லிட்டு, அவங்க மூணு பேரும் வந்து நின்னப்போ இவன் மொட்டை மாடியில ஒளிஞ்சுக்கிட்டான். இவனைக் கவுன்சிலர் ஆக்கினா ஒரே சாக்கடையை மூணு பக்கமும் ஓட விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு எந்த மாடியில ஒளிவான்? பஸ் ஓட்டறதுல அவனை அடிக்க ஆள் இல்லை. அதை விட்டுட்டு இது எதுக்கு?"

"சரி, போட்டதுதான் போட்டீங்க. பதினோரு பேர் இருக்கிற பூத்துல..."

மெத்தையக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அதுதான்டீ நான் பண்ணின மடத்தனம். இத்தனை வருஷமா எழுநூறு பேர் போட்ட பெட்டி. என் ஓட்டு அதுக்குள்ள விழுந்தா எங்க போச்சுன்னு எனக்கே தெரியாது. அந்தப் பழக்கத்துல குத்திட்டேன். வெளிய வந்து பார்த்தா மெத்தையில ஒருத்தர்கூட இல்லை. அப்பத்தான் உறைச்சுது. பெட்டிக்குள்ள கையை விட முடியுமா?"

சின்னவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்த ஏணிக் கதையில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. அன்றைக்கு மாடியில் ஒளிந்தவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததே அவள்தான்.

"இன்னைக்கே அவன்கிட்டச் சொல்லிடறேன். உன் மேல பழி இருக்கக் கூடாது" என்றாள் மெத்தையக்கா.

சின்னவள் பஞ்சை விரலில் சுற்றிக்கொண்டாள். "வேண்டாம் அண்ணி. நீங்க சொன்னா என் மேல இருக்கிற பழி போகும். ஆனா அவர் நம்பினது உங்களையா இருக்கும், என்னை இல்லை. நான் சொன்னதை நான் சொன்னதுக்காகவே அவர் நம்பணும். அது வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"அவன் நம்பலைன்னா?"

"சுவர்கிட்டயே பேசிட்டுப் போறேன். சுவர் உப்பு கம்மின்னு சொல்றதில்லை."

மெத்தையக்கா ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டாளே தவிர, அந்த வாரம் அவள் குத்திய ஓரம் எல்லாம் கோணலாகவே வந்தது. இரண்டு மெத்தையைப் பிரித்துத் திரும்பவும் தைத்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எல்லை மாற்றியதில் ஆள் குறைந்துபோன சின்ன பூத்துகளை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பெரிய பூத்தோடு சேர்க்கப் போகிறார்கள். மெத்தைக்கடை பூத், மேம்பாலத்துக்கு அப்பால் இருக்கிற பள்ளிக்கூடத்தோடு சேரும். ஆட்சேபணை இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம்.

தம்பிக்கு வீரம் வந்துவிட்டது. சந்தேகத்தை எல்லாம் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு வீடு வீடாகப் போனான். "நம்ம பூத்தை எடுக்கறாங்களாம். விடலாமா? எங்க அக்கா இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்தால் அவனுக்கே கண் கலங்கிவிடும். போஸ்ட்மேன், டீச்சரம்மா, பிளம்பர் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு மட்டும் பஸ் போஸ்ட்மேனுக்காக நின்றது.

"அக்கா, கடைசியா நீ எழுந்து பேசணும். உன் பூத். அடுத்த தடவை பதினொண்ணும் எனக்கே விழற மாதிரி பண்ணிக் காட்டறேன். அப்ப தெரிஞ்சுடும் யாரு என்னன்னு."

"பேசறேன்" என்றாள் மெத்தையக்கா. என்ன பேசுவேன் என்று சொல்லவில்லை.

கூட்டம் நகராட்சி அலுவலகத்தின் மாடியில். நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பெரிய வரைபடம். தேர்தல் அலுவலகத்து அம்மாள் ஒருத்தி, இளவயசு, தொண்டை கட்டியிருந்தது, காலையிலிருந்து ஒவ்வொரு பூத்துக்காரர்களிடமும் பேசியிருப்பாள் போல. சின்ன பூத்தில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று வெளியே தெரிந்துவிடுகிறது, அது ஜனங்களுக்கு நல்லதில்லை என்று பொறுமையாகச் சொன்னாள். செலவையும் சொன்னாள். தம்பி எழுந்து, குடும்ப கௌரவம், சரித்திரம், முதியோர் நடக்க முடியாது என்று வரிசையாகச் சொன்னான். சந்து கைதட்டியது. "எங்க அக்கா பேசுவாங்க" என்று உட்கார்ந்தான்.

மெத்தையக்கா எழுந்தாள். ஓட்டு நாளுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். சின்னவளுக்கு அது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"எடுத்துடுங்கம்மா" என்றாள்.

தம்பி, "அக்கா!" என்றான்.

"இருடா. எனக்கு மெத்தை தைக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஒரு மெத்தையில ஏழெட்டு மூட்டைப் பஞ்சு போகுது. அடைச்சு ஓரம் குத்தினப்புறம் எந்தப் பஞ்சு எந்த மூட்டையில இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. படுத்தா சுகமா இருக்கும். ஆனா ஒரே ஒரு கை பஞ்சை வச்சு மெத்தை தச்சுப் பாருங்க. உள்ள இருக்கிற கொட்டை ஒவ்வொண்ணும் முதுகுல குத்தும். எங்க சந்துல இப்ப அப்படித்தான் குத்திக்கிட்டு இருக்கு. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறதில்லை. பூத் இருந்தா எனக்குச் சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்லலை. அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்காக மீதி நாள் எல்லாம் இவங்க இப்படி இருக்க வேண்டாம். எங்களைக் கூட்டத்தோட சேர்த்துடுங்க."

போஸ்ட்மேன் மேஜையைப் பார்த்தார். பிளம்பர் கூரையைப் பார்த்தான். தேர்தல் அம்மாள் தண்ணீர் குடித்தாள். "வேற ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை. டீச்சரம்மா மட்டும் எழுந்து, "ஓட்டு நாள் அன்னைக்கு டவுன் பஸ் பள்ளிக்கூட வாசல்ல நிக்கணும்" என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது மேம்பாலத்தின் மேல் மூன்று பேரும் நடந்தே வந்தார்கள். தம்பி முன்னால், பின்னால் இரண்டு பெண்கள். கீழே கூட்ஸ் வண்டி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. பாலத்தின் உச்சியில் தம்பி நின்றான். திரும்பினான். சுவரைப் பார்க்கவில்லை, அங்கே சுவரும் இல்லை. சின்னவளைப் பார்த்துத்தான் பேசினான்.

"மூணு பேர் அது தன்னோடதுன்னு சொன்னாங்க. மூணு பேரும் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நீ ஒருத்திதான் அழுதே. இதை வச்சே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நீ போடலைன்னா போடலைதான்."

"போடலைன்னு நான் எப்பச் சொன்னேன்? உங்களுக்குப் போட்டேன்னு சொன்னேன்."

"சரிம்மா, போட்டே. எனக்குத்தான் போட்டே. நம்பறேன். இப்பவாவது என்னைப் பார்த்துப் பேசுவியா?"

"உப்பைப் பத்திச் சொல்லக் கூடாது."

"சொல்லலை."

சின்னவள் மெத்தையக்காவைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இனி வாயைத் திறக்கலாம் என்று அர்த்தம். மெத்தையக்கா பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, உனக்கு யாருக்காவது 'முடியாது'ன்னு சொல்ல வருமா?"

"வராது. எதுக்குக் கேக்கறே?"

"அதுக்குத்தான் போட்டேன். பேக்கரிக்காரருக்கு."

கூட்ஸ் வண்டி முழுக்கப் போய் முடிகிற வரைக்கும் தம்பி கீழே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. சின்னவள் பயந்துவிட்டாள். மெத்தையக்கா கைப்பிடியை விடவேயில்லை. கடைசியில் அவன் மூக்கை உறிஞ்சினான்.

"அப்ப மீதிப் பேருக்கெல்லாம் என்னைப் பத்தித் தெரியவே தெரியாது போல" என்றான். நாலடி நடந்துவிட்டுச் சட்டென்று நின்றான். "இரு. அப்ப போஸ்ட்மேன், டீச்சர், பிளம்பர், மூணு பேரும் எனக்குத்தான் போட்டிருக்காங்க!"

"ஆமா."

"எனக்குப் போட்டுட்டு அந்த ஆள்கிட்டப் பன் வாங்கித் தின்னுருக்காங்க! நான் கிழவனைப் பல்லோட ரோட்டுல நிக்க விட்டேனே அக்கா!"

அப்புறம் பாலம் இறங்குகிற வரைக்கும் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த நாள் பஸ், போஸ்ட்மேன் பல்லை மாட்டிச் சட்டைப் பொத்தானைப் போட்டு மறந்த பையை எடுத்து வரும் வரைக்கும் நின்றது. அந்த மாசம் மெமோ வந்தது.

அடுத்த தேர்தலுக்கு டிப்போக்காரர்கள் மறுபடி வந்து, நீதான் நிற்கணும் என்று தம்பியைச் சுற்றிக்கொண்டார்கள். கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான். உள்ளே இரண்டு பெண்களும் ஊசியைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "முடியாதுப்பா" என்றான் அவன். சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போய் உள்ளே வந்தான்.

மெத்தையக்கா ஓரத்தைக் குத்தி நூலைக் கடித்துத் துப்பினாள். "இப்ப நீ நின்னிருந்தா உனக்கே போட்டிருப்பேன்டா" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மரப் பெஞ்சு. முதல் தடவை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு மெத்தையக்காவுக்கு மனசு ஆறவில்லை. இடுப்பு ஒடிந்துவிடும் என்று சின்னவளோடு உட்கார்ந்து அந்தப் பெஞ்சுகளுக்கு நீளத் திண்டு தைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆகாமல் போன அந்தப் பஸ் படம் போட்ட துணிதான் உள் உறை. மேலே கோடு போட்ட துணி இருப்பதால் வெளியே தெரியாது.

மெத்தையக்கா இப்போது கடைக்கு மேலே நடு அறையில் இருக்கிறாள். முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. பெரிய மெத்தை தைப்பதில்லை, தலையணை மட்டும். ஓட்டு நாள் வந்தால் தம்பியின் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், வரிசையில் நிற்கிறாள், போட்டுவிட்டு வருகிறாள். யாருக்கு என்று யாருக்கும் தெரியாது.